டிரையர் சுற்றவில்லையா? பெல்ட்டைக் குறை சொல்லாதீர்கள்!

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்கு வீடு ஒரே காட்சிதான். கூடத்தில் கொடி, தாழ்வாரத்தில் கொடி, ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் நடுவில் ஒரு கயிறு! ஆடி மாதத்தில் மேற்கே மலையிலிருந்து வீசுகிற காற்றுக்கு அரை மணியில் காய்ந்துவிடுகிற புடவை, அடைமழைக் காலத்தில் இரண்டு நாள் தொங்கினாலும் ஈரம் விடாது. ஒரு மாதிரி வாடை வேறு அடிக்கும். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். ஈரம் போகாத துணியைக் கட்டினால் பிஞ்சுத் தோல் சிவந்து புண்ணாகிவிடும்.

இந்த நாட்களில்தான் வாஷிங் மெஷினில் இருக்கிற டிரையரின் அருமை தெரிகிறது. அது மக்கர் பண்ணுவதும் பெரும்பாலும் இதே நாட்களில்தான். அந்தச் சமயம் பார்த்து நம் வீட்டு வாசலில் ஒரு வாக்கியம் வந்து நிற்கும்: "பெல்ட் போயிருச்சுக்கா. மாத்தணும்."

சகோதரிகளே, இந்த வாக்கியத்தைக் கேட்டதும் பர்ஸைத் திறக்காதீர்கள். நம் ஊர் வீடுகளில் அதிகமாக இருப்பது இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேடிக் மெஷின். அதில் டிரையர் டிரம்முக்குப் பெரும்பாலும் பெல்ட்டே கிடையாது! இல்லாத பெல்ட் எப்படி அறுந்துபோகும்?

எது எதைச் சுற்றுகிறது?

செமி ஆட்டோமேடிக் மெஷினுக்குள் இரண்டு மோட்டார்கள் இருக்கின்றன. துவைக்கிற பக்கம் ஒன்று, டிரையர் பக்கம் ஒன்று. துவைக்கிற பக்கத்து மோட்டார் ஓரமாக உட்கார்ந்திருக்கும். தொட்டிக்கு அடியில் இருக்கிற சக்கரத்தை அது ஒரு ரப்பர் பெல்ட் மூலமாகச் சுற்றும். பெல்ட் இருப்பது இந்தப் பக்கம்தான்.

டிரையர் பக்கத்து மோட்டாரோ டிரம்முக்கு நேர் கீழே, மூன்று ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கிறது. மோட்டாரின் தண்டும் டிரம்மின் தண்டும் நேரடியாக ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கும். நடுவில் ஒரு பிரேக். நாம் மூடியைத் திறந்தால் கரண்ட் நிற்கவும், பிரேக் பிடிக்கவும் ஒரு ஸ்விட்சும் ஒரு மெல்லிய கம்பியும் உண்டு. டிரம்மின் தண்டு தொட்டிக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர் கீழே இறங்காமலிருக்க ஒரு ரப்பர் சீல். அவ்வளவுதான் டிரையர்.

மேலே மூடியைத் திறந்து துணி போடுகிற ஒற்றைத் தொட்டி ஃபுல்லி ஆட்டோமேடிக் மெஷின்களில் கதை வேறு. அவற்றில் பலவற்றில் ஒரே மோட்டாரும் ஒரே பெல்ட்டும்தான் துவைக்கவும் பிழியவும் செய்கின்றன. முன்பக்கக் கதவு உள்ளவற்றில் பலவற்றுக்கு டிரம்மின் பின்னால் பெரிய சக்கரமும், அதன்மேல் வரி வரியாகப் பள்ளமுள்ள பட்டை பெல்ட்டும் இருக்கும். பெல்ட்டே இல்லாமல் மோட்டார் நேரடியாகச் சுற்றுகிற மாடல்களும் உண்டு. ஆகவே "என் மெஷின் எந்த ஜாதி?" என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம்.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. ராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையம் மில்ஸை பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் தொடங்கியதிலிருந்து, அந்த ஊரில் பல குடும்பங்களுக்கு மெஷின் பாஷை வீட்டுப் பாஷை மாதிரி ஆகிவிட்டது. "மில்லுல கதிர் சுத்தலைன்னா எடுத்த எடுப்புல ஸ்பேனரைத் தூக்க மாட்டோம் தாயி. முதல்ல காதை வைப்போம். அப்புறம் கையால சுத்திப் பாப்போம். அப்புறம் மோந்து பாப்போம். முக்கால்வாசி வியாதி அதுலயே தெரிஞ்சிரும்" என்பார். காது, கை, மூக்கு! இந்த மூன்றும் நம் எல்லோரிடமும் இருக்கிறது. சாம்பார் கொதிக்கிற சத்தத்தை வைத்தே பருப்பு அடிப்பிடிக்கிறதைக் கண்டுபிடிக்கிற நமக்கா மெஷின் சத்தம் புரியாது?

தொடுவதற்கு முன்னால்

ஸ்விட்சை அணைத்தால் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். கை ஈரம் இருக்கக்கூடாது. தரை காய்ந்திருக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். டிரம் முழுசாக நின்ற பிறகுதான் கை உள்ளே போகலாம்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே சின்ன டப்பா மாதிரி, வயர்கள் சேர்த்த ஒரு சாமான் இருக்கும். அதுதான் கண்டென்சர். கெபாசிட்டர் என்றும் சொல்வார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கரண்டைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். அதன் முனைகளை நாம் தொடவே கூடாது. அது எலக்ட்ரீஷியன் வேலை.

மெஷின் உடம்பைத் தொட்டால் லேசாகச் சுள்ளென்கிறதா? 'ஈரக் கைதானே' என்று விட்டுவிடாதீர்கள். அந்த நிமிஷமே மெயினை அணைத்துவிட்டு, பிளக்கை எடுத்துவிட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சத்தம் சொல்லும் சேதி

1. சத்தமே இல்லை. துவைக்கிற பக்கத்தை ஓட்டிப் பாருங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் பிளக்கிலோ ஃபியூஸிலோ கோளாறு. அது ஓடுகிறது, டிரையர் மட்டும் மௌனம் என்றால் மூடியைக் கவனியுங்கள். மூடி சரியாகப் படியாவிட்டால் ஸ்விட்ச் கரண்டை விடாது. துணி ஓரம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூடி சரி என்றால் ஸ்விட்சோ, டைமரோ, வயரோ. எலி நடமாடுகிற வீடானால் வயர் மேல்தான் முதல் சந்தேகம். மெஷினின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலிக்கு அது பங்களா!

2. 'ம்ம்ம்' என்று முனகல், ஆனால் சுற்றவில்லை. உடனே அணையுங்கள். முனகவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடிகளை மூடியிருக்கும்போது பிரேக் தளர்ந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். திறந்த நிலையில் டிரம் இறுக்கமாக இருப்பது இயல்பு. ஆகவே வெளிமூடியை உயர்த்தியபடி ஒருவர் பிரேக் கம்பியை இழுத்துப் பிடிக்க, மற்றவர் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கம்பி பின்தகட்டுக்கு உள்ளேதான் தெரியும் என்பதால், இதை மெக்கானிக் வந்தபோது உங்கள் எதிரிலேயே செய்து காட்டச் சொல்வது நல்லது. டிரம் லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் பலவீனம். இறுக்கமாக இருந்தால், ஒன்று டிரம்முக்கும் தொட்டிக்கும் நடுவில் கைக்குட்டையோ குழந்தையின் காலுறையோ விழுந்து சிக்கியிருக்கும். இல்லையேல் பிரேக் விடவில்லை. மூடியை மூடும்போது கம்பி இழுபட்டுப் பிரேக்கை விடுவிக்க வேண்டும். கம்பி அறுந்தாலோ தளர்ந்தாலோ பிரேக் பிடித்தபடியே இருக்கும். மோட்டார் என்ன முயன்றாலும் நடக்காது.

3. 'டம டம' என்று குதிக்கிறது. இது நோயில்லை, துணி போட்ட விதம். கணக்குச் சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். இந்த மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றும். விநாடிக்கு இருபத்து மூன்று சுற்று! கால் மீட்டர் குறுக்களவுள்ள டிரம்மில் அந்த வேகத்தில் 100 கிராம் எடையுள்ள ஈரக் கைத்துண்டு ஒரு பக்கமாக ஒதுங்கினால், அது 25 கிலோ எடை தொங்குகிற மாதிரி டிரம்மை இழுக்கும். போர்வை ஒரு பக்கம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கனமான துணியை அடியில் வட்டமாகப் பரப்பி, மேலே லேசானதை வைத்து, உள்மூடித் தட்டை அழுத்தி வையுங்கள். தண்ணீர் புகாத ரப்பர் ஷீட், ரெயின்கோட் இவற்றை டிரையரில் போடவே கூடாது. தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு திடீரென்று ஒரு பக்கம் கொட்டும். டிரம் காலியாக இருக்கும்போதும் குதித்தால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம், அல்லது தண்டைப் பூட்டுகிற போல்ட் தளர்ந்திருக்கலாம். அப்போது ஓட்ட வேண்டாம்.

4. 'கரகர' சத்தம், அடியில் தண்ணீர். நான் சொன்ன ரப்பர் சீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். போர்வெல் உப்புத் தண்ணீர் உபயோகிக்கிற வீடுகளில் உப்புப் படிந்து சீல் சொரசொரப்பாகிச் சீக்கிரம் தேயும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கசிகிற தண்ணீர் நேராகப் பிரேக் மேலும் மோட்டார் மேலும்தான் சொட்டும். சின்ன ரப்பர் சாமானுக்குச் சோம்பல்பட்டு மோட்டாரையே மாற்றியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

5. சுற்றுகிறது, ஆனால் துணி சொட்டச் சொட்ட வருகிறது. டிரெயின் குழாயைப் பாருங்கள். மடங்கியிருக்கிறதா, உயரத்தில் மாட்டியிருக்கிறதா, நூலும் பஞ்சும் அடைத்திருக்கிறதா? வெளியேறாத தண்ணீருக்குள்ளேயே டிரம் சுற்றினால் வேகம் எங்கே வரும்? சோப்பு நுரை போகாமல் டிரையரில் போட்டாலும் இதே கதைதான். சாயங்காலம் வோல்டேஜ் குறைகிற தெருவானால் காலையில் ஓட்டிப் பாருங்கள்.

6. ரப்பர் கருகும் வாடை. டிரையர் ஓடும்போது வந்தால் பிரேக் முழுசாக விடாமல் உரசுகிறது. துவைக்கும்போது வந்தால் பெல்ட் வழுக்குகிறது. மூக்கே சாட்சி!

"டைரக்ட் பண்ணிடவாக்கா?"

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு டிரையர் முனகிக்கொண்டு நின்றுவிட்டது. வந்த தம்பி மெஷினைத் திறக்காமலே, "டிரையர் பெல்ட் அறுந்திருக்கு. ஆயிரத்து அறுநூறு ஆகும்" என்றார்.

"பெல்ட்டைக் காட்டுப்பா, பாப்போம்" என்றேன்.

பின்தகட்டைக் கழற்றினார். டிரையர் பக்கம் பெல்ட் இல்லை. துவைக்கிற பக்கத்துப் பெல்ட் பத்திரமாகத் தன் இடத்தில் இருந்தது. அறுந்திருந்தது பிரேக் கம்பி! துரு ஏறி, மூடி இணைகிற இடத்தில் இற்றுப்போயிருந்தது.

அந்தத் தம்பி அசரவில்லை. "கம்பி கைவசம் இல்லக்கா. பிரேக்கைக் கட்டி வச்சிட்டு, மூடி ஸ்விட்சையும் டைரக்ட் பண்ணிடறேன். இனிமே தொந்தரவே வராது. நிறைய வீட்ல அப்படித்தான் ஓடுது" என்றார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெல்ட் விஷயத்தில் போவது பணம். இந்த 'டைரக்ட்' விஷயத்தில் போவது குழந்தையின் கை.

மூடி ஸ்விட்சை டைரக்ட் செய்தால், மூடி திறந்திருக்கும்போதும் டிரம் ஓடும். பிரேக்கைக் கட்டிவைத்தால், கரண்ட் நின்ற பிறகும் டிரம் வெகுநேரம் தன் போக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் அடங்கியிருக்கும், ஆகவே நின்றுவிட்டது என்று நினைப்போம். உள்ளே இருக்கிற துணியின் நுனியில் விரல் பட்டால் போதும். துணி விரலைச் சுற்றும். விரல் கையை இழுக்கும். இழுக்கிற வேகத்துக்கு நம்மால் கையை எடுக்க முடியாது. தன் சட்டை சுற்றுவதை வேடிக்கை பார்க்க முக்காலி போட்டு ஏறுகிற மூன்று வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் தெரியுமா? நமக்கேகூட முந்தானை, துப்பட்டா, நீளச் சடை, எல்லாமே ஆபத்துதான்.

"கம்பி வாங்கிட்டு வந்து போடுப்பா. அதுவரைக்கும் கையால பிழிஞ்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து வந்து போட்டார். கம்பிக்கும் கூலிக்கும் சேர்த்து முந்நூற்றைம்பது ரூபாய்.

நீங்களும் இன்றைக்கே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, டிரையரைக் காலியாக ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். மூடியைத் திறந்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எண்ணுங்கள். கரண்ட் உடனே நிற்க வேண்டும். டிரம் சில விநாடிகளில் அடங்க வேண்டும். மெஷினோடு வருகிற கையேடுகள் பல 15 விநாடி என்று எல்லை வைக்கின்றன. அதைத் தாண்டியும் சுற்றினால் பிரேக் தேய்ந்துவிட்டது. சரிசெய்கிற வரையில் டிரையரை ஓட்டவே ஓட்டாதீர்கள். பழைய மெஷின் வாங்கியவர்களும், வாடகை வீட்டோடு மெஷின் கிடைத்தவர்களும் இந்தப் பரீட்சையை அவசியம் செய்யவேண்டும். முன்னால் இருந்தவர்கள் 'டைரக்ட்' பண்ணியிருக்கிறார்களா என்பது உங்களுக்குத் தெரியாதே!

பெல்ட் இருக்கிற பக்கம்

இனி பெல்ட்டின் நிஜ வியாதியைப் பார்ப்போம். துவைக்கிற பக்கம் ஸ்விட்ச் போட்டால் மோட்டார் ஓடுகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் தொட்டியின் அடிச்சக்கரம் அசையவில்லை. அல்லது துணி இல்லாதபோது சுற்றுகிறது, துணி போட்டால் நின்றுவிடுகிறது. இவைதான் பெல்ட் அறுந்ததற்கும் வழுக்குவதற்கும் அடையாளம்.

தண்ணீரை முழுசாக வடித்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பின்தகட்டின் திருகுகளைக் கழற்றினால் பெல்ட் தெரியும். திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவையுங்கள். கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பமில்லை. பெல்ட்டின் உட்பக்கம் குறுக்கு வெடிப்பு விட்டிருக்கிறதா? ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கிறதா? உரசுகிற பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கிறதா? அடியில் கறுப்புப் பொடி கொட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பெல்ட்டுக்கு வயசாகிவிட்டது.

வெடிப்பு இல்லை, தளர்வு மட்டும்தான் என்றால் மாற்ற வேண்டியதில்லை. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம் போல உள்வாங்கினால் சரி. அதற்கு மேல் தொளதொள என்று போனால், மோட்டாரைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரைச் சற்று வெளிப்பக்கம் நகர்த்தி இறுக்கச் சொல்லுங்கள். அதற்காகவே அந்தத் துளைகளை நீளமாக வைத்திருப்பார்கள். வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவிடவும் கூடாது. அப்புறம் பேரிங் தேயும்.

புது பெல்ட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். அதன் முதுகில் எம் 19, எம் 20 என்கிற மாதிரி எண் அச்சடித்திருக்கும். எண் அழிந்திருந்தால் கடைக்காரர் பக்கத்தில் வைத்து அளந்து கொடுப்பார். 'அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தா என்ன' என்று வாங்காதீர்கள். ஒன்று ஏறாது, அல்லது வழுக்கும்.

நம்மில் பலர் தையல் மெஷினின் தோல் பெல்ட்டை வெட்டி, கொக்கி போட்டு இறுக்கிப் பழகியவர்கள். அந்த வைத்தியம் இங்கே பலிக்காது. ரப்பர் பெல்ட்டை ஒட்டவோ தைக்கவோ முடியாது. வழுக்குகிறதே என்று மெழுகு, பவுடர், எண்ணெய் எதையும் தடவவும் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

டிரம்மையே சுற்றுகிற பெல்ட்

'டிரையர் பெல்ட்' என்கிற பேர் நிஜமாகப் பொருந்துகிற மெஷினும் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகள் வீட்டில் பார்க்கலாம். இப்போது நம் பெரிய நகரங்களின் ஃப்ளாட்டுகளிலும் வருகிறது. துணியைச் சூடான காற்றில் உருட்டி உருட்டிக் காயவைக்கிற டம்பிள் டிரையர். இதன் பெரிய டிரம் நிமிஷத்துக்கு ஐம்பது சுற்று போல நிதானமாகத்தான் சுற்றும். பல மாடல்களில் நீளமான பட்டை பெல்ட் டிரம்மின் வயிற்றைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி ஓடி, கீழே மோட்டாரின் சின்ன உருளையில் மாட்டியிருக்கும். அதைத் தளராமல் இழுத்துப் பிடிக்க ஒரு உருளை.

அமெரிக்காவில் இருக்கிற என் நாத்தனார் மகள் போனில் கேட்டாள்: "அத்தை, மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, டிரம் மட்டும் நிக்குது."

"பிளக்கைப் பிடுங்கிட்டு டிரம்மைக் கையால சுத்திப் பாரும்மா. பம்பரம் மாதிரி லேசாச் சுத்துதா, ஒரு இழுவையோட சுத்துதா?" என்றேன்.

"லேசாச் சுத்துது அத்தை."

அப்படியானால் பெல்ட் அறுந்துவிட்டது. பெல்ட் மாட்டியிருந்தால் மோட்டாரையும் சேர்த்து இழுப்பதால் கைக்குக் கனம் தெரியும். சில மாடல்களில் பெல்ட் அறுந்தால் மோட்டாரே ஓடாதபடி ஒரு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். சுற்றுக்கு ஒரு முறை 'தொப் தொப்' என்றால் டிரம்மைத் தாங்குகிற உருளை ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். 'கிறீச்' என்றால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற உருளை. உரசுகிற சத்தம் என்றால் டிரம்மின் விளிம்புக்கு மெத்தையாக இருக்கிற கம்பளிப் பட்டை போயிருக்கும். டிரம்மை வெளியே எடுக்கிற அன்றைக்கே பெல்ட், உருளை எல்லாவற்றையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். கேஸில் ஓடுகிற டிரையர் என்றால் நாம் கை வைக்கவே கூடாது.

இந்த மெஷினில் பெல்ட்டைவிடப் பெரிய விஷயம் பஞ்சு. துணியிலிருந்து உதிர்கிற பஞ்சு வலையில் சேரும். ஒவ்வொரு தடவையும் அதை எடுக்காவிட்டால் காற்றுப் போக வழியில்லாமல் சூடேறித் தீப்பிடிக்கும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி, 2008 முதல் 2010 வரை அந்த நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள். அதில் நூற்றுக்கு 34-க்குக் காரணம் சுத்தம் செய்யாததுதான். உங்கள் மகளோ மருமகளோ வெளிநாட்டில் இருந்தால் அடுத்த தடவை போன் பேசும்போது, "பஞ்சை எடுத்தியாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மெக்கானிக்கிடம் பேசும்போது

எல்லா மெக்கானிக்கும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. நல்ல தொழில்காரர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நாம் விவரமாகச் சொன்னால் அவர்களுக்கும் வேலை சுளுவு. "டிரையர் ஓடலை" என்று சொல்லாமல், "துவைக்கிற பக்கம் ஓடுது, டிரையர் முனகுது, டிரம் இறுக்கமா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். மரியாதையே தனி!

மூன்று விஷயம் மட்டும் கேட்டு வாங்குங்கள். எந்தச் சாமான் போயிருக்கிறது என்று கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாமான் பேரும் விலையும் எழுதிய பில் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் பேசாமலிருக்க வேண்டியதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் குறைதீர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரையில் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பில் வேண்டும். அதனால்தான் பில், பில் என்கிறேன்!

மாதம் ஒரு தடவை

அமாவாசைக்கு அமாவாசை வீடு கழுவுகிற மாதிரி, மெஷினுக்கும் ஒரு நாள் வையுங்கள். டிரையர் டிரம்மைக் காலியாக ஓட்டி, மூடியைத் திறந்து, பிரேக் எத்தனை விநாடியில் பிடிக்கிறது என்று எண்ணுங்கள். டிரெயின் குழாயைக் கழுவுங்கள். மெஷினின் நான்கு காலும் தரையில் சமமாகப் படிகிறதா என்று மூலையை அழுத்திப் பாருங்கள். அடியில் டார்ச் அடித்து ஈரமோ கறுப்புப் பொடியோ எலிப் புழுக்கையோ இருக்கிறதா என்று பாருங்கள். துணி போடுமுன் பையில் ஊக்கு, காசு, ஹேர்பின் இருக்கிறதா என்று தடவுங்கள். ஹேர்பின் ஒன்று துளை வழியே இறங்கினால் சீலைக் கிழித்துவிடும். வேலை முடிந்ததும் மூடியைச் சிறிது நேரம் திறந்து வைத்தால் உள்ளே ஈரம் உலர்ந்து கம்பி துருப்பிடிப்பது குறையும். ஆனால் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து வையுங்கள்.

இன்னொன்று. நம் டிரையர் துணியைக் காயவைப்பதில்லை, தண்ணீரை உதறிவிடுகிறது, அவ்வளவுதான். குழந்தைத் துணியை டிரையரில் எடுத்த பிறகும் மின்விசிறிக் காற்றில் விரித்துப் போட்டு, முழுசாகக் காய்ந்ததும் மடியுங்கள். வெயில் எட்டிப் பார்க்கிற நாளில் ஒரு மணி நேரமாவது மொட்டை மாடியில் போடுங்கள்.

இந்த இதழைக் கீழே வைத்ததும், டிரையர் மூடியைத் திறந்து பிரேக் பிடிக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிஷ வேலைதான்.